மூடிப்போன மலைப்பாதை: வடசென்னையிலிருந்து நான்கு வழிகள், ஒரு தேர்வு

என் பெரியப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1960களின் நடுவில் ஒரு பொங்கல் விடுமுறையில், சத்தியவேட்டுப் பக்கத்து நண்பர் ஒருவரின் துணையோடு ஆந்திரப் பக்கத்துக் கம்பாக்கம் துர்க்கத்து மலையில் ஏறி இறங்கியதை இன்றைக்கும் ஒவ்வொரு வளைவாகச் சொல்வார்: அடிவாரத்தில் புளியமரங்கள், அவற்றைத் தாண்டியதும் ஒரு சுமைதாங்கிக் கல், அதற்கு மேலே மாட்டுக் குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்துபோன தடம், தடத்தின் பள்ளப் பக்கத்தில் சுண்ணாம்புக் காரை இல்லாமல் அடுக்கிய கல்வரிசை. அந்தப் பாதை இப்போது புதருக்குள் போய்விட்டது என்று அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதைத் தேடிப் போக வேண்டும் என்று வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் இரண்டு ஆண்டுகளாக டீக்கடையில் பேசிக்கொண்டே இருந்தோம். இந்த ஆண்டுதான் காகிதமும் வரைபடமுமாக உட்கார்ந்து, எந்த வழியில் போவது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம்.

எங்கள் முன் இருந்தவை நான்கு. தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டத்தில் பெயர் கொடுத்து, பக்கத்திலிருக்கும் கூடியம் குகைக்குப் போவது ஒன்று. திருமலைப் படிக்கட்டைப் போல, பழையதாகவும் எல்லோருக்கும் திறந்ததாகவும் உள்ள யாத்திரைப் பாதையில் ஏறுவது இன்னொன்று. பெரியப்பா சொன்ன பாதையையே வரைபடத்தில் கண்டுபிடித்து, வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிப் போவது மூன்றாவது. அடிவாரத்து ஊரில் ஒருவரைப் பிடித்து, கையில் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, யாரையும் கேட்காமல் ஏறிவிடுவது நான்காவது.

நான்காவதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் அதை நான் ஒருமுறை செய்து பார்த்தவன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆந்திர எல்லைக்கு அப்பால் ஒரு மலையில், ஆடு மேய்க்கும் இளைஞர் ஒருவரை நம்பி விடியற்காலையில் ஏறினோம். பாதி மலை வரை அவருக்குத் தடம் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவருடைய ஆடுகளே போனதில்லை போலிருக்கிறது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஒரு செடியின் கிளை அடுத்ததோடு பின்னி, உள்ளே நுழைந்தால் சட்டையை விட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்கிற நிலை. நண்பகலில் தண்ணீர் தீர்ந்தது. திரும்பி இறங்கியபோது அடிவாரத்தில் வனக்காவலர்கள் காத்திருந்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டு அபராதம் போட்டார்கள். அவர்கள் செய்ததில் பிழை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எனக்கு உறுத்தியது வேறொன்று: நாங்கள் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டோம், அந்த இளைஞரோ அதே ஊரில், அதே காவலர்களின் கண்ணெதிரே, அதே காட்டோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய காரணங்களும் உண்டு. சேஷாசலம் மலைத்தொடரும் அதைச் சூழ்ந்த குன்றுகளும் செம்மரம் விளையும் இடம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். அதில் எது நியாயம் என்ற வாதம் வேறு. ஆனால் தமிழ் பேசும் ஐந்து ஆண்கள், முதுகில் பையும் கையில் அரிவாளுமாக, காகிதம் எதுவும் இல்லாமல், பாதையற்ற இடத்தில் அந்தக் காட்டுக்குள் நடப்பதை அங்குள்ள காவலர் எப்படிப் பார்ப்பார் என்பதை யோசிக்காமல் கிளம்பக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் நிலைமை மாறிவிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்து போன பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்றே மாநில அரசு தனி விதிகளை வகுத்தது. ஆகவே நான்காவது வழியை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம்.

மீதமிருக்கும் மூன்றையும் ஒப்பிடும்போது நாங்கள் கற்றுக்கொண்டது, பாதை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் அந்த நிலம் இன்று யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதே. ஒரே பாதை அடிவாரத்தில் பட்டா மாந்தோப்பு வழியாகவும், சற்று மேலே புறம்போக்கிலும், அதற்கும் மேலே வனத்துறையின் காப்புக்காட்டிலும் போகலாம். மூன்றுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு. தோப்புக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதும், பெரும்பாலும் மோர் கொடுத்தே அனுப்புவார். காப்புக்காட்டில் அப்படி இல்லை. அனுமதியின்றி உள்ளே நுழைவதே தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியும் ஆந்திரத்தில் 1967ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியும் குற்றம். அதுவே சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடுகிறது. இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, வரைபடத்தில் பாதை இருக்கிறதே என்று தம்பி ஒருவன் வாதிட்டான். “இன்னாடா, காயிதத்துல கோடு இருந்தா வழி வுடுவானா?” என்று பெரியப்பா கேட்டார். சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. ஒரு மலையைக் காப்புக்காடாக அறிவிக்கும்போது, அதன் வழியே நடக்கும் உரிமை, நீர் எடுக்கும் உரிமை, மேய்ச்சல் உரிமை ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் குறித்த காலத்துக்குள் வந்து சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவாகாத உரிமை அதோடு அற்றுப்போகும். நூறு ஆண்டு பழைய பாதை என்பதாலேயே அதில் நடக்க உரிமை வந்துவிடாது.

கூடியம் குகையை எடுத்துக்கொள்வோம். வடசென்னைக்காரர்களுக்கு இதைவிட எளிய மலைநடை இல்லை. வியாசர்பாடி ஜீவா நிலையத்திலோ பெரம்பூரிலோ திருவள்ளூர் லோக்கல் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பூண்டிப் பக்கம் போக வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது கூடியம். இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். அனுமதிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. தீ அபாயம் மிகுந்த காலத்தில், 2025இல் செய்ததைப் போல பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பாதைகளை மூடிவிடுகிறார்கள் என்பதை மட்டும் நாள் குறிக்கும்போது கவனித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பாதை வேண்டும் என்று கேட்பவருக்கு இது சாதாரணத் தேர்வாகத் தோன்றலாம், எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பழமை என்ற கணக்கில் பார்த்தால் கம்பாக்கம் மலையில் இருந்த கோட்டை இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார்; அதே ஆண்டு இந்தப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அங்கே பிற்பாடு நடந்த அகழாய்வில் கிடைத்த கருவிகளின் காலம் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் கணித்தார்கள். கூடியம் குகைகள் அந்தப் பகுதியை ஒட்டிய அல்லிக்குழி மலையில் இருக்கின்றன. உருண்டைக் கூழாங்கற்களைச் சாந்தில் பதித்ததுபோன்ற பாறை, அதில் பிறை வடிவில் குடைந்த பெரிய வளைவு. கீழே நின்று அண்ணாந்தால், எந்தக் கல் எப்போது கழன்று விழும் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். குறை ஒன்று உண்டு: வழி தெரிந்தது, வழிகாட்டி முன்னே போகிறார், தேடுவதற்கு எதுவும் இல்லை.

யாத்திரைப் பாதைகளை நாங்கள் அதிகம் ஆராயவில்லை, ஏனெனில் வடசென்னையில் திருமலைப் பாதையை அறியாத வீடு குறைவு. புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் திருப்பதிக் குடைகள் யானைக்கவுனியைத் தாண்டுவதைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் நாங்களும் நின்றவர்கள்தாம். அலிபிரி வழியில் 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். பழையவை, திறந்தவை, அனுமதிக் கடிதம் வேண்டாதவை. ஆனாலும் காடு காடுதான்: 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தையால் கொல்லப்பட்ட பிறகு, குழந்தைகளோடு ஏறுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. ஸ்ரீவாரி மெட்டு 2021 நவம்பர் மழையில் சிதைந்து, 2022 மே மாதம்தான் மீண்டும் திறந்தது. பராமரிக்க ஒரு தேவஸ்தானம் இல்லாதிருந்தால் அந்த ஒரு மழையோடு அதுவும் மூடிப்போன பாதைகளின் கணக்கில் சேர்ந்திருக்கும். அதே திருமலைக்கு மாமண்டூர்ப் பக்கத்திலிருந்து காட்டினூடே வரும் அன்னமய்யா வழி அப்படித்தான் இருக்கிறது; பெயர் உண்டு, நினைவு உண்டு, நினைத்த நாளில் போய் நடக்க முடியாது. எங்கள் நோக்கம் சாமி தரிசனம் அல்ல என்பதால் இந்த வழியை இரண்டாம் இடத்துக்குக்கூடக் கொண்டுவரவில்லை.

இனிப் பெரியப்பாவின் பாதை. தடா அருவி என்று சென்னைப் பிள்ளைகள் சொல்லும் உப்பலமடுகு ஓடை இறங்கிவரும் அதே மலைக்கூட்டத்தில்தான் கம்பாக்கம் துர்க்கமும் இருக்கிறது. உயரம் 2,500 அடியை ஒட்டி. மூர் மார்க்கெட்டிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் லோக்கல் ரயில் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டே போய்த் தடாவில் இறக்கிவிடும். பிறகு வரதய்யபாளையம் வழியாகச் சாலை. துர்க்கம் என்ற பெயரிலேயே கோட்டை இருக்கிறது. கோட்டை இருந்த மலைக்கு அரிசி மூட்டையும் தண்ணீரும் ஏற்றிய வழி இருந்தே தீரும் என்பது எங்கள் ஊகம்.

அதைக் காகிதத்தில் தேடுவது நினைத்ததைவிட எளிது. இந்திய நில அளவைத் துறையின் 50,000க்கு ஒன்று என்ற அளவிலான வரைபடங்களை இந்தியக் குடிமக்கள் அத்துறையின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து ஊரான நாகலாபுரம் இருக்கும் தாள் பழைய எண் முறையில் 57 ஓ 15. கூடியமும் அதிரம்பாக்கமும் அதற்கு நேர் கீழே 57 ஓ 16. நாகலாபுரத்துத் தாளின் கிழக்கு ஓரம் 80 பாகை தீர்க்கரேகை. அதற்கு அப்பால் 66 சி வரிசைத் தாள்கள் தொடங்குகின்றன. மலை எந்தத் தாளின் ஓரத்தில் விழுகிறது என்று பார்த்துப் பக்கத்துத் தாளையும் சேர்த்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதை தாளின் விளிம்பில் அந்தரத்தில் நின்றுவிடும். நடைபாதைகளை இடைவெளி விட்டு விட்டுப் போகும் மெல்லிய கோட்டாகவும், காப்புக்காட்டின் எல்லையைத் தனிக் கோட்டாகவும் காட்டியிருப்பார்கள். அவ்விரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நமக்கு முக்கியம், ஏனெனில் கடிதம் எழுத வேண்டிய இடம் அங்கே தொடங்குகிறது.

பழைய தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அவற்றில் இருந்த பாதைகள் பல புதிய பதிப்பில் விடுபட்டிருக்கும். ஆனால் பழைய தாளை ஸ்கேன் செய்து செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து அளவீடு பூமியின் உருவத்துக்கு எவரெஸ்ட் கோளம் என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டது, கைப்பேசியின் ஜிபிஎஸ் வேறொரு கணக்கை. மாற்றிக் கணக்கிடாமல் அப்படியே பொருத்தினால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். சமவெளியில் அது ஒரு தெருவின் வித்தியாசம். மலையில் ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வித்தியாசம்.

மாநில எல்லையும் இங்கே ஒரு திருப்பத்தைத் தருகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று நடந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேட்டுப் பகுதி ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போயின. ஆகவே இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஊர்களின் பழைய விவரங்களை எழும்பூரில் தேட வேண்டியிருக்கிறது. கன்னிமாரா நூலகத்திலும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையேட்டைக் கேட்டுப் பார்ப்பது முதல் படி. காப்புக்காடு அறிவிக்கையின் நகலையும், அதில் வழிநடை உரிமை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதையும் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேறு மாநிலத்து அலுவலகமானாலும் கேட்கும் உரிமை எந்த இந்தியக் குடிமகனுக்கும் உண்டு. அடிவாரப் பட்டா நிலங்களின் விவரம் ஆந்திரத்தின் மீபூமி என்ற நிலப்பதிவு இணையதளத்தில் கிடைக்கிறது, தெலுங்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்.

தரையில் எதைப் பார்ப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பெரியப்பாவின் பேச்சுதான். மனிதன் போட்ட பாதை ஏற்றத்தை நேரே எதிர்க்காது, சாய்ந்து சாய்ந்து போகும். ஆட்டுத்தடம் நேரே செங்குத்தாகக் கிளம்பிப் பாறையில் முடியும். பாதையின் பள்ளப் பக்கத்தில் மண் சரியாமல் இருக்க அடுக்கிய கல், புதர் மூடினாலும் காலில் தட்டுப்படும். காட்டுக்கு நடுவே வரிசையாகப் புளியோ மாவோ நின்றால் அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. சுமைதாங்கிக் கல் தோள் உயரத்துக்கு நிற்கும். அது விழுந்துகிடந்தாலும், இரண்டு குத்துக்கல்லும் ஒரு படுக்கைக்கல்லும் ஒரே இடத்தில் கிடப்பது இயற்கையில் நேர்வதில்லை. உண்ணிச்செடி வெளிச்சத்தை விரும்புவது. அடர்ந்த மரநிழலைவிட, ஒருகாலத்தில் வெட்டித் திறந்திருந்த பாதையின் மேல்தான் அது கூடுதலாக மண்டும். ஆகவே நுழையவே முடியாத இடம்தான் சில சமயம் பழைய பாதை. அன்று எங்கள் சட்டை கிழிந்தது நடுப்பாதையில்தானோ என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது வழியின் உண்மையான தடை இங்கேதான். உள்ளே போக அனுமதி வாங்குவது வேறு, வழியைத் துப்புரவு செய்ய அனுமதி வாங்குவது வேறு. காப்புக்காட்டில் ஒரு கிளையை வெட்டுவதும் குற்றம்தான். களைச்செடியாயிற்றே என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது. பாறையில் பெயின்ட் அம்புக்குறி போடுவதும் கூடாது. ஆகவே எங்கள் விண்ணப்பத்தில் அரிவாள் கிடையாது என்று முதலிலேயே எழுதுகிறோம். ஐந்து பேரின் பெயர், முகவரி, ஆதார் நகல், போகும் நாள், மாற்று நாள், ஏறும் நேரம், மாலை 4 மணிக்குள் அடிவாரம் திரும்பும் உறுதி, வரைபடத்தில் குறித்த தடம், இரவு தங்குவதில்லை, நெருப்பு மூட்டுவதில்லை, ட்ரோன் பறக்கவிடுவதில்லை என்ற வாக்கு, வனக்காவலர் ஒருவர் உடன் வர வேண்டும் என்ற கோரிக்கை, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தும் சம்மதம் ஆகியவற்றை ஒரே தாளில் அடக்கினோம். தமிழில் எழுதி, தெலுங்கில் பெயர்த்து, இரண்டையும் இணைக்கிறோம். மாவட்ட வன அலுவலருக்கு அசல், சரக அலுவலருக்கு நகல், பதிவுத் தபாலில்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கணக்கு இப்படி நிற்கிறது. செலவில் திருமலை குறைவு, கூடியம் நடுத்தரம், கம்பாக்கம் எவ்வளவு என்று அனுமதி வந்த பிறகே தெரியும். காலத்தில், கூடியம் ஒரு ஞாயிறு; கம்பாக்கத்துக்குக் கடிதம், பதில், நினைவூட்டல் என்று ஒரு பருவமே போகலாம். பெரியப்பாவை அழைத்துப்போக முடியுமா என்று கேட்டால், எண்பதைத் தாண்டியவரைக் கம்பாக்கத்தில் ஏற்றவே முடியாது, கூடியத்துக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பாதையைக் கண்டுபிடிக்கும் வேலை என்று பார்த்தால் கம்பாக்கத்துக்கு ஈடு இல்லை, அந்த வேலையில் முக்கால் பங்கு எழும்பூரிலும் கணினித் திரையிலும் நடப்பது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆகவே இரண்டையும் வரிசைப்படுத்திக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ கூடியத்துக்குப் போவது; புதிதாய் வரும் இருவருக்கு மூச்சும் முழங்காலும் எவ்வளவு தாங்கும் என்பது அங்கே தெரிந்துவிடும். கம்பாக்கத்துக்கான கடிதத்தை இப்போதே அனுப்பிவிட்டு, அனுமதி வந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு நாள் குறிப்பது. வராவிட்டால், அல்லது வேறு பாதையில் மட்டும் போகலாம் என்று பதில் வந்தால், அவர்கள் சொல்லும் எல்லை வரை மட்டும் போய், அடிவாரத்துப் புளியமரங்களும் சுமைதாங்கியும் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்துப் படமெடுத்து வந்து பெரியப்பாவிடம் காட்டுவது. சுமைதாங்கி பட்டா நிலத்தில் விழுகிறதா, காட்டெல்லைக்குள் விழுகிறதா என்பதை வைத்துத்தான் அதற்கும் யாரைக் கேட்பது என்று தெரியும். அவர் சொல்லும் தூரத்தை வைத்துப் பார்த்தால் எல்லைக்கோட்டின் மேலேயே விழுகிறது.